தெருவைச் சுவரிலிருந்து அளக்கணும்: நெல்லைத் தெருக்கள் பற்றிக் கேள்வி பதில்

டவுன் கடைக்காரர்: அண்ணாச்சி, எங்க தெரு சுவருக்குச் சுவர் 12 மீட்டர். நடைபாதை போட்டா வண்டி எங்க போகும்?

12 மீட்டர் தாராளம். நம்ம ஊர்ல நடுவிலிருந்து தாரை விரிச்சுக்கிட்டே போய், மிச்சம் கிடந்தாத்தான் நடைபாதை. நீங்க சுவரிலிருந்து தொடங்குங்க. கடைத்தெரு நடைபாதைக்கு 2.5 மீட்டர்னு இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) சொல்லுது. ரெண்டு பக்கமும் சேர்த்து 5. கம்பம், மரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர். மீதி 6 மீட்டர்ல ரெண்டு பஸ் மெதுவா எதிரெதிரே போகலாம். பஸ்ஸோட அகலம் 2.6 மீட்டருக்குள்ளதான். பைக் நிறுத்த இடம் கட்டாயம் வேணும்னா நடைபாதையை 2 மீட்டராக் குறைச்சு, ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் பட்டை விடுங்க. 1.8-க்குக் கீழ மட்டும் இறங்காதீங்க.

தார் பரப்பு ஒரு இடத்துல 9 மீட்டர், அடுத்த வளைவுல 6 மீட்டர்னு வச்சுக்குங்க. எத்தனை வண்டி போகும்னு முடிவு பண்றது அந்த 6 மீட்டர்தான். கூடுதல் 3 மீட்டர்ல கார் நிக்கும், வேற ஒண்ணும் நடக்காது. அதனால தெரு நெடுக ஒரே அகலம் வச்சுட்டு, மிஞ்சினதை நடைபாதைக்குக் கொடுத்தா வண்டிக்காரருக்கு நஷ்டமே இல்ல.

பாளை அக்கா: வாறுகால் (தெருவோரச் சாக்கடை) மேல ஸ்லாப் போட்டு நடைபாதைங்காங்க. ஒருத்தரும் அதுல நடக்க மாட்டேங்காங்களே?

உயரத்தைப் பாருங்க அக்கா. 15 சென்டிமீட்டர்தான் உச்சவரம்பு. பல இடத்துல முழங்கால் உயரம் நிக்குது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காம மேல மேல போடுறாங்க. ரோடு ஏறினதும் வாறுகால் சுவரையும் ஏத்துறாங்க. கடைசியில வீட்டு நடைக்குள்ள மழைத்தண்ணி. அதுக்கு மேல, ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்குறாங்க. நூறடிக்குள்ள ஆறு தடவை ஏறி இறங்கணும்னா முட்டுவலிக்காரர் ரோட்டுலதான் நடப்பார். நடைபாதை ஒரே மட்டமா ஓடணும். வண்டி ஏறுற சரிவு வெளி ஓரத்தோட நிக்கணும். தெருமுனையில சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு, அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். ஸ்லாப் ஆடாம இருக்க, அது உட்காரும் விளிம்பைச் சமமாப் பூசணும். தூர் வார எல்லா ஸ்லாப்பையும் பெயர்க்காம, இடைவெளி விட்டு சட்டம் போட்ட மூடிகள் வச்சாப் போதும்.

ரதவீதியில் குடியிருப்பவர்: நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ஓடுற தெருவுல இதெல்லாம் எப்படி?

ரதவீதிக்குக் கணக்கே வேற. நடுத்திட்டு கூடாது, முனையில திட்டு கட்டக் கூடாது; தேர் திரும்ப முழு இடமும் வேணும். நடைபாதையும் ரோடும் ஒரே மட்டம், கல்லோட நிறத்துலயும் சொரசொரப்புலயும் வித்தியாசம், ரெண்டுக்கும் இடையில ஆழமில்லாத ஓடை. தடுப்புக் கம்பத்தைத் தரையில புதைச்ச குழாய்க்குள்ள சொருகிப் பூட்டணும். திருவிழாவுக்கு உருவி எடுத்து குழாய்க்கு மூடி போட்டுரலாம். சக்கரம் போற தடத்துல வாறுகால் ஸ்லாப்போ பாதாளச் சாக்கடை மூடியோ வரவே கூடாது. நடைபாதைக்குப் போடுற 60 மில்லிமீட்டர் பேவர் கல்லும் அங்க உதவாது, கம்பி கட்டின கான்கிரீட்தான். தேர்ச் சக்கரத்துக்கு அடியில சறுக்குக் கட்டை போட்டுத் திருப்பும்போது பாரம் ஒரு பக்கமாச் சாயும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

பாளை பெற்றோர்: பிள்ளைங்க சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டா?

பதினொண்ணாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்குது, ஓட்ட இடந்தான் இல்ல. வண்டிகள் 30 கிலோமீட்டருக்குள்ள போற தெருவுல தனிப்பாதை தேவையில்ல, வேகத்தைப் பிடிச்சாப் போதும். 50-ல போற ரோட்டுல 2 மீட்டர் பாதை, இடையில கரைக்கல் (ஓரத்து மேட்டுக்கல்). வெறும் வெள்ளைக்கோடு போட்டா மறுநாள் காலையில ஆட்டோ நிக்கும். பஸ் ஸ்டாப்ல பாதையை நிழற்குடைக்குப் பின்னால கொண்டு போகணும். இன்னொண்ணு: மழைநீர்க் கம்பிச்சட்டத்தோட கம்பி சக்கரம் போற திசையிலயே இருந்தா சைக்கிள் டயர் உள்ள இறங்கிரும். கம்பி குறுக்கே வரணும்.

மேலப்பாளையம் தம்பி: வேகத்தடை ஒண்ணு போட்டோம். இடுப்பு ஒடியுது.

அரை மீட்டர் அகலத்துல தாரைக் குவிச்சிருப்பீங்க. ஐ.ஆர்.சி. அளவு வண்டி போற திசையில 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. 25 கிலோமீட்டர்ல நோகாம ஏறி இறங்கலாம். முன்கூட்டியே பலகையும் மேல வெள்ளைப் பட்டையும் இல்லாட்டா ராத்திரி பைக்காரர் விழுவார்.

வண்ணார்பேட்டை: பைபாஸைக் கடக்க சிக்னல் நேரம் பத்தல.

நொடிக்கு 1.2 மீட்டர்னு கணக்குப் போடுவாங்க. 14 மீட்டருக்கு 12 நொடி. பெரியவங்களுக்குப் பத்தாது. நடுவுல 2 மீட்டர் ஆழத்துக்கு நிக்க இடம் விட்டு, ரெண்டு தவணையாக் கடக்க வைக்கணும்.

இன்னொருத்தர்: நடைபாதையில பைக் ஏறாம இருக்கக் கம்பம் எவ்வளவு இடைவெளியில?

1.2 மீட்டர். சக்கர நாற்காலி போகும், கார் போகாது. பைக்கும் போகத்தான் செய்யும். அதைத் தடுக்கிற இடைவெளியில நாற்காலியும் மாட்டிக்கும். பைக் எங்க ஏறுதுன்னு பாருங்க. பெரும்பாலும் யூ-டர்ன் தூரமா இருக்குன்னு எதிர்த்திசையில வர்ற இடமாத்தான் இருக்கும். அங்க நடுத்திட்டுல ஒரு திறப்பு விட்டாக் குறையும்.