விற்பனை ஓடவில்லை என்றால் லோகோவை மாற்றலாமா?

கேள்வி: துணிப்பைகள் தைத்து, ஒன்றரை வருடமாகச் சொந்த இணையக் கடையில் விற்று வருகிறேன். ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு டிசைனர், 'லோகோவும் நிறமும் பழசு, அதனால்தான் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை' என்கிறார். புது லோகோ, புது வெப்சைட், புது டொமைன் (கடையின் இணைய முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கும் சேவை) எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக அவரே பார்த்துக்கொள்வாராம். பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். பழைய லோகோ போட்ட 2,000 லேபிள்கள் வேறு கையில் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: இப்போதைக்கு லோகோவைத் தொட வேண்டாம். அந்த பேக்கேஜுக்கும் சரி சொல்லிவிட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய முகவரியை என் போனில் திறந்து, வாங்க வந்தவர் மாதிரியே கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தேன். லோகோ கொஞ்சம் பழசாகத்தான் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் பாதியில் திரும்பி வந்ததற்கு லோகோ காரணமில்லை.

முதலில் நீலத் தோள்பையைத் தொட்டேன். படம் சுத்தமாக இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் பை மட்டும் தனியாக நிற்கிறது. இது எவ்வளவு பெரிய பை? கீழே '38க்கு 42 செ.மீ.' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். வாங்க வந்தவர் அளவுகோலைத் தேடி எழுந்து போகமாட்டார். ஒருவர் தோளில் மாட்டியபடி ஒரு படம் இருந்தால் பை இடுப்புவரை தொங்குமா, முழங்கைவரையா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். வாயைத் திறந்து உள்ளே மடிக்கணினி வைத்தபடி இன்னொரு படம். உள்தையலுக்குக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம். கடையில் என்றால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்தப் புரட்டலைத்தான் படங்கள் செய்ய வேண்டும். உங்கள் பையின் பெருமையே அந்த இரட்டைத் தையல். அதை ஒரு படத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அடுத்தது 'கூடையில் சேர்' பொத்தான். வெள்ளையின்மேல் வெளிர் சாம்பல் எழுத்து, #999999 என்ற நிறம். வாசலில் வெயிலில் நின்று பார்த்தேன், பொத்தான் இருப்பதே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்பதற்கு டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1. உங்களுடையது 2.85தான். சாம்பல் நிறமே வேண்டும் என்றால் #767676 வரை கருமையாக்குங்கள், அதைவிட வெளிறினால் வெள்ளையின்மேல் தேறாது. என்னைக் கேட்டால் பொத்தானுக்குச் சாம்பலே வேண்டாம். உங்கள் லோகோவில் இருக்கும் கருநீலத்தைப் பொத்தானுக்குப் பூசி, எழுத்தை வெள்ளையாக்குங்கள். தமிழில் பொத்தான் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் சொற்கள் நீளமானவை, சிறிய போனில் இரண்டு வரியாக மடிந்துவிடும். பொத்தானை அகலமாகவே வையுங்கள், எழுத்தைச் சிறிதாக்கிச் சமாளிக்காதீர்கள்.

கூடைக்குப் போனதும் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்டது. பாஸ்வேர்டு, அதை உறுதிசெய்ய மறுபடியும் பாஸ்வேர்டு, அப்புறம் பெயர், முகவரி. எல்லாம் முடிந்து பணம் கட்டும் பக்கத்தில்தான் அனுப்பும் கட்டணம் முதல் தடவையாகத் தலைகாட்டியது. அங்கேதான் நான் திரும்பினேன். இணையக் கடைகளை நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் பேமார்ட் இன்ஸ்டிடியூட் தொகுத்த கணக்குப்படி, கூடையில் போடுபவர்களில் சராசரியாகச் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமல் போகிறார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவர்கள் சொல்லும் காரணங்களில் முதலில் வருவது கடைசியில் ஏறும் கூடுதல் கட்டணம். கட்டாயமாகக் கணக்குத் தொடங்க வைப்பதும் முக்கியமான காரணம். உங்கள் கடையில் இரண்டும் இருக்கின்றன. அனுப்பும் கட்டணத்தைப் பையின் விலைக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். கணக்குத் தொடங்காமல் வாங்கும் வசதியைத் திறந்துவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் கடை மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அது பெரும்பாலும் ஒரே ஒரு தேர்வாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்தபின், கடையைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் போனைக் கொடுத்து, 'ஒரு பை வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்யக் கை பரபரக்கும், செய்யாதீர்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் உங்கள் விற்பனை சிந்துகிறது.

பழகிய அடையாளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே உண்டு. கேப் ஆடை நிறுவனம் 2010 அக்டோபரில், இருபது வருடத்துக்கு மேல் பழகிய நீலச் சதுர லோகோவை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்ததில் சுமார் ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் அதைத் தாங்க முடிந்தது. ஒன்றரை வருடத்தில் உங்கள் பையை இரண்டாவது முறை வாங்க வந்த ஒருவர் புதுப் பெயரையும் புது நிறத்தையும் பார்த்து, வேறு கடைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துப் போனால் அது உங்களுக்குப் பெரிய இழப்பு.

சரி, இப்போது பேக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கலங்கவைத்தது இதுதான். 'டொமைனை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அந்தப் பதிவில் யார் பெயர் இருக்கும் என்று அதே மூச்சில் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் அலங்கார விளக்குகள் விற்கும் ஒருவர் என்னிடம் வந்தார். நான்கு வருடம் கட்டி வளர்த்த கடை. டொமைனைப் பதிவு செய்தது வெப்சைட் செய்து கொடுத்தவர், தன் பெயரில், தன் மின்னஞ்சலில். ஒரு பில் தகராறு வந்தது. அடுத்த நாள் கடையைத் திறந்தால் வெற்றுப் பக்கம். கடை மின்னஞ்சலும் அதே டொமைனில் ஓடியதால் வந்து கிடந்த ஆர்டர்களும் போய்விட்டன. கடைசியில் பெயருக்கு நடுவே ஒரு கோடு சேர்த்துப் புதிய முகவரியில் ஆரம்பித்தார். பாதி வாடிக்கையாளர்கள் இன்னும் பழைய முகவரியைத்தான் தட்டுகிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

'விதிகள் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கின்றன. டாட் காம் போன்ற பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, டொமைனை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டைக் கேட்ட 5 நாளுக்குள் பதிவு நிறுவனம் கொடுத்தாக வேண்டும். ஆனால் யார் கேட்டால்? பதிவில் பெயர் இருப்பவர் கேட்டால். கடையை வளர்த்தது யார், இரவெல்லாம் தைத்தது யார் என்று அந்த அமைப்பில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் யுடிஆர்பி என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அதற்கும் முதலில் உங்களுக்கு வணிகக் குறி (டிரேட்மார்க்) உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும், எதிராளி கெட்ட நோக்கத்தோடுதான் பதிவு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும், கட்டணத்தையும் கட்ட வேண்டும். சிறிய கடைக்காரர் இந்தப் படிகளை ஏறி முடிப்பதற்குள் வியாபாரம் ஆறிப்போகும். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவருக்கே எட்டாத உயரத்தில் இதை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தீராத வருத்தம்.

ஆகவே இன்றே ஒன்று செய்யுங்கள். டொமைன் பதிவு நிறுவனத்தின் கணக்கில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே போக முடிகிறதா பாருங்கள். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் யாருடைய இன்பாக்ஸுக்கு வருகிறது என்று பாருங்கள். பொதுவில் பதிவைத் தேடினால் பெயர்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதனால் இந்த இரண்டு சோதனைதான் நம்பகமானது. வேறு ஒருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்குங்கள். பெயரை மாற்றியபின் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாமல் பூட்டு விழலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். டிசைனருக்கு வேலை செய்யும் அனுமதி கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

பழைய டொமைனை விட்டுவிடலாம் என்பது அவர் சொன்னதிலேயே மோசமான யோசனை. புதுப்பிக்காத பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதில் ஒரு மின்னஞ்சல் பெட்டி திறந்தால், அந்த முகவரிக்கு வாடிக்கையாளர்கள் எழுதுவதெல்லாம் அவருக்குப் போகும். நீங்கள் அந்த முகவரியை வைத்துத் தொடங்கிய கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதம்கூட அவர் கைக்குத்தான் வரும். என்றாவது பெயரை மாற்றினாலும் பழையதை விடாமல் புதுப்பித்து, அங்கே வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும்.

லோகோ கோப்புகளிலும் இதே கதைதான். பணம் கொடுத்ததாலேயே லோகோ உங்களுடையது ஆகிவிடாது. பல நாடுகளில், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை பதிப்புரிமை வரைந்தவரிடமே நிற்கும். ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் எழுத்தில் வேண்டும். கூடவே, எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வெக்டர் கோப்பும் வேண்டும். பிடிஎஃப் என்ற பெயரில் உள்ளே சாதாரணப் படத்தை ஒட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. திறந்து, முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். வளைவின் ஓரம் வழவழவென்று இருந்தால் சரி. படிக்கட்டு மாதிரி கட்டங்கள் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது வெக்டர் இல்லை, பெரிய பலகையில் அச்சடித்தால் கலங்கித்தான் வரும்.

லோகோவை இப்போதே மாற்றச் சொல்லக்கூடிய ஒரே ஒரு சூழ்நிலை இருக்கிறது: அது உங்களுடையதாகவே இல்லாதபோது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் லோகோவில் இருக்கும் அந்த இலையை எங்கோ பார்த்த மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். இலையை மட்டும் வெட்டி எடுத்து, படத்தை வைத்துத் தேடும் வசதியில் போடுங்கள். அதே இலை ஒரு பல் மருத்துவமனைக்கும் ஒரு யோகா வகுப்புக்கும் லோகோவாக இருந்தால், அது ரெடிமேட் படக் கிடங்கிலிருந்து எடுத்தது. அந்தக் கிடங்குகளின் உரிம விதிகள் பெரும்பாலும் படத்தை வணிகக் குறியாகப் பதிவுசெய்ய விடுவதில்லை. நீங்கள் வளர்ந்தபின் இன்னொருவர் அதே இலையோடு பை விற்க வந்தால் தடுக்கவும் வழியிருக்காது. 'கொஞ்சம் திருப்பி, நிறம் மாற்றிக் கொடுத்தேன்' என்று வரைந்தவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள், திருப்பிய இலையும் அதே இலைதான். ஆனால் அப்போதும் மாற்ற வேண்டியது இலையை மட்டுமே. கடைப் பெயர், எழுத்து வடிவம், கருநீலம் மூன்றும் அப்படியே இருக்கட்டும். படமே இல்லாமல் பெயரை மட்டும் லோகோவாக வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். எழுத்துருவின் உரிமத்தை மட்டும் பாருங்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எஸ்ஐஎல் திறந்த உரிமத்தில் வரும் எழுத்துருக்களை லோகோவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதன்பின் வணிகக் குறி பதிவுக்குப் போங்கள். சர்வதேச நைஸ் வகைப்பாட்டில் பொருளும் சேவையுமாக 45 வகுப்புகள் இருக்கின்றன, பைகள் வருவது 18ஆம் வகுப்பில். எல்லா வகுப்பிலும் போடுங்கள் என்று ஒரு முகவர் வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள், அவர் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக வாங்கப்போகும் கட்டணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

டிசைனர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பொத்தான் நிறத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் திருத்தும் வேலையைத் தனியாக விலை பேசி அவரிடமே கொடுத்துப் பாருங்கள். டொமைன் கேட்காமல் அதைச் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலையைப் பேசலாம்.

லேபிள்களைத் தூக்கிப் போட வேண்டாம். இலை உங்களுடையது என்றால் 2,000 தீரும்வரை தைத்துக்கொண்டே இருங்கள். இரவல் இலை என்று தெரியவந்தால், பெயர் இருக்கும் பாதியை மட்டும் வெட்டித் தைக்க முடியுமா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இலை மேலேயும் பெயர் கீழேயும் தள்ளித்தான் இருக்கின்றன, நடுவில் கத்தரி போக இடமிருக்கிறது.