ஓடைக்காகப் பொதுநல வழக்கு: உங்கள் பெயரில் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) தண்ணீர் வரும் ஓடையில், பக்கத்துத் தோட்டக்காரர் ரிசார்ட் கட்ட ஜேசிபி வைத்து மண்ணைத் தள்ளுகிறார். என் தேயிலைத் தோட்டத்துப் பாதையையும் முன்பே அடைத்து, ஊர் முன்னால் கேவலமாகப் பேசினார். பாதை வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது. தாசில்தாரும் கண்டுகொள்ளவில்லை. பொதுநல வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் போட வேண்டாம்.

அவர் பேசியதும் தாசில்தார் அலைக்கழித்ததும் இருக்கட்டும். அதே ஆள்மீது உங்களுக்குச் சொந்த வழக்கு இருக்கிறது. கோர்ட் முதலில் பார்ப்பது அதைத்தான்.

1991-இல் சுபாஷ் குமார் வழக்கு. பொக்காரோ ஆற்றில் ஒரு கம்பெனியின் கரிக்கழிவு கலக்கிறது என்று உச்ச நீதிமன்றம் போனார். மாசில்லாத தண்ணீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்ன அதே தீர்ப்பில்தான் அவர் மனு தள்ளுபடி ஆனது. அந்தக் கம்பெனியிடம் கழிவுக்கரி வாங்கி வந்தவர், கூடுதலாகக் கேட்டுக் கிடைக்காததால் வந்திருக்கிறார் என்று நீதிபதிகள் கண்டார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் பல்வந்த் சிங் சௌஃபால் தீர்ப்பும், பொதுநல வழக்கு என்றால் மனுதாரர் யார், உள்நோக்கம் உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லிவிட்டது.

என்னிடம் வருபவர்கள் விழும் குழி இதுதான்: 'சொந்த நலன் இல்லை' என்று அபிடவிட்டில் (பிரமாணப் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டுவிட்டு, சிவில் வழக்கை மறைப்பார்கள். எதிர்த்தரப்பு அந்தப் பிராது நகலை நீட்டினால் மனு அங்கேயே முடிந்தது. செலவுத்தொகை கட்டுவதுகூடப் பெரிதல்ல. 'ஹைகோர்ட்டே தள்ளுபடி செய்துவிட்டது' என்று அந்த உத்தரவை ஒவ்வொரு ஆபீசிலும் காட்டுவார்கள். நாளைக்கு நியாயமாக வருகிறவரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். ஓடை போய்விடும். முன்சீப் கோர்ட்டிலும் உங்களை வம்பு வழக்காளி என்பார்கள்.

ஓடைக்காக, அந்தத் தண்ணீரைக் குடிக்கும், அந்தத் தோட்டக்காரரோடு எந்தத் தகராறும் இல்லாத ஊர்க்காரர்கள் வரட்டும். நீங்கள் பணம் கொடுத்து அவர்களை முன்னால் நிறுத்தினால் அதுவும் வெளியே வரும். ஜேசிபிக்கு கலெக்டர் அனுமதி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். பசுமைத் தீர்ப்பாயம் போவதானால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள்.

பாதை வழக்கை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ராஜியாக முடித்துக்கொள்ளுங்கள். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பிவிடும். கொஞ்சம் சுற்றி மாற்றுப் பாதை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: 'ஓடை பற்றி இனிப் புகார் செய்ய மாட்டேன்' என்ற வரியை ராஜி மனுவில் நுழைக்கப் பார்ப்பார்கள். அதை அடித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.