முயல் குட்டிக்குக் காயமா? முதலில் பால் போத்தலைக் கீழே வையுங்கள்

பிறந்து சில நாளேயான முயல் குட்டிகளுக்குக் காயம் பட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். திருகோணமலை உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் இன்றும் முயல் வளர்க்கிறேன். தையல் போடவேண்டிய காயத்தோடு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி எழுத வேண்டாம். உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே மாட்டையும் ஆட்டையும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்து நேரத்தை விடாதீர்கள்.

சாம்பல்தீவு: மிஸ், இராத்திரி கூட்டுக்குள் எலி புகுந்துவிட்டது. மூன்று நாள் குட்டி ஒன்றின் விலாவில் தோல் கிழிந்திருக்கிறது. இரத்தம் நின்றுவிட்டது, ஆனால் உடம்பு குளிர்ந்துபோய் அசையாமல் கிடக்கிறது. பசும்பாலைச் சூடாக்கி டிரொப்பரால் கொடுத்தேன், மூக்கால் வருகிறது. வேறு என்ன கொடுக்கலாம்?

ஒன்றும் கொடுக்காதீர்கள். மூக்கால் வந்த பாலில் கொஞ்சம் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும். தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து மூக்கை மெல்லத் துடைத்துவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூச்சில் கறகறவென்று சத்தம் கேட்டாலோ இன்றைக்கே வைத்தியர்.

இப்போது அதற்கு வேண்டியது சூடு. முயல் குட்டி மயிரில்லாமல், கண்ணும் காதும் மூடிப் பிறக்கிறது. முதல் ஒரு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. தாய் பிடுங்கிப் போட்ட மயிருக்குள் கூடப்பிறந்ததுகளோடு ஒட்டிக் கிடப்பதால்தான் பிழைக்கிறது. குளிர்ந்த குட்டிக்கு விழுங்கவும் பலமில்லை, குடலும் வேலை செய்யாது. உள்ளே போகிற பால் வயிற்றில் கிடந்து கெடும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குப் போகும். கடிபட்டுச் சாகிற குட்டிகளைவிட, கடிபட்ட பிறகு நாம் ஊட்டிய பாலால் சாகிற குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் சட்டைக்குள், தோலோடு தோலாக வையுங்கள். அதற்கிடையில் ஒரு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துவாயால் சுற்றுங்கள். துவாயின் மேல் உங்கள் மணிக்கட்டை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் அதை வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டுமல்லவா? வெயிலிலோ தகரக் கூரைக்குக் கீழோ வைக்க வேண்டாம். உடம்பு ரோசா நிறத்துக்கு வந்து, தொட்டால் துள்ளித் திமிறினால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் காயம். கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஊசி கழற்றிய சிரிஞ்சால் காயத்தின் மேல் மெல்ல விடுங்கள். பச்சைத் தண்ணீரால் கழுவினால் ஏற்றிய சூடு போய்விடும். பிறகு பொவிடோன் அயடின் என்ற புண் மருந்தை வெளிறிய பிளேன்டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, பஞ்சில் ஒற்றி எடுங்கள். கட்டுப் போட வேண்டாம். ஸ்பிரிட், டெற்றோல் வேண்டவே வேண்டாம்.

இன்னுமொன்று. கிழிந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், குட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டூசி குத்தியதுபோல ஒரு பல் தடம் வயிற்றிலோ முதுகிலோ இருக்கும். வெளியே துளைதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். பூனை கடித்ததென்றால் தடம் தெரியாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பூனையின் வாயில் இருக்கிற கிருமி முயலுக்கு மோசமானது. காயம் சுத்தமாக, குட்டி சூடாக இருந்தால் கூட்டுக்குள் திருப்பி வையுங்கள். தாயைவிட நல்ல தாதி இல்லை.

நிலாவெளி: காயத்துக்கு மஞ்சள் பூசலாமா அக்கா?

வேண்டாம். தூள் காய்ந்து பொருக்காகி அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடும்.

கிண்ணியா: தாய் மிதித்து ஒரு குட்டியின் பின்னங்கால் தொங்குகிறது. ஈர்க்கு வைத்துக் கட்டலாம் என்கிறார் வாப்பா.

கட்ட வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லுங்கள். இந்த வயதில் கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் நின்று காலே போய்விடும். தோல் கிழியாமல், எலும்பு வெளியே தெரியாமல், குட்டி பால் குடிக்கிறதென்றால் கூட்டிலேயே விடுங்கள். குட்டி எலும்பு விரைவாகப் பொருந்தும். சற்றுக் கோணலாகப் பொருந்தினாலும் கூண்டு முயலுக்கு அது பெரிய குறையில்லை. கால் நீலம் பாரித்தாலோ எலும்பு வெளியே வந்தாலோ வைத்தியர். குட்டியைக் காப்பாற்ற முடியாது, வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று அவர் சொன்னால் அதையும் கேளுங்கள்.

பாலையூற்று: நீங்கள் பாட்டுக்குக் கூட்டுக்குள் திருப்பி வையுங்கள் என்கிறீர்கள். மனித வாடை பட்ட குட்டியைத் தாய் கொன்றுவிடும். என் அப்பப்பா காலத்திலிருந்து தெரிந்த விசயம் இது.

ஐயா, உங்கள் அப்பப்பாவுக்கு மரியாதை. ஆனால் அது வீட்டு முயலுக்குப் பொருந்தாது. முயல் பண்ணைகளில் தினமும் கூட்டைத் திறந்து, குட்டிகளை எண்ணி, செத்ததை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாத பண்ணைதான் நட்டப்படும். உங்கள் வாடை அவளுக்குப் புதிதா? தினம் புல் போடுகிற கை அதுதானே?

பாலையூற்று: கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கை வைத்தோம், விடியப் பார்த்தால் மூன்றைத் தின்றிருந்தது.

தின்றதை நான் மறுக்கவில்லை. ஏன் கை வைத்தீர்கள்? நாய் வந்திருக்கும், பூனை கூட்டைச் சுற்றியிருக்கும், பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டிருப்பார்கள். ஏதோ நடந்ததால்தான் நீங்கள் போய்த் திறந்தீர்கள். அதே கலவரம்தான் தாயையும் வெருட்டியது. வெருண்ட தாய் கூட்டுக்குள் பாய்ந்து மிதிக்கும், செத்ததைத் தின்னும். முதல் ஈற்றில் பல முயல்களுக்கு இந்தத் தடுமாற்றம் உண்டு. தாகமும் ஒரு காரணம். பால் சுரக்கிற முயல் குடிக்கிற தண்ணீருக்கு அளவில்லை. கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசுகிற நாளில் கிண்ணம் மத்தியானமே காய்ந்துவிடும், நாம் பொழுதுபட்ட பிறகுதான் பார்ப்போம். அன்றைக்குத் தண்ணீர்க் கிண்ணம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா?

மூதூர்: நான் பாலையூற்று ஐயாவின் பக்கம். நாங்கள் குட்டியைத் தொட்டால் தாயின் மூக்கில் கொஞ்சம் தலைவலி பாம் தடவிவிடுவோம். பிரச்சினை வந்ததில்லை.

தடவாமல் விட்டிருந்தாலும் வந்திருக்காது தம்பி! பாம் மூக்கை எரிக்கும். மூக்கு எரிகிற முயல் தீனைத் தொடாது. மனம் கேட்கவில்லையென்றால் கூட்டிலுள்ள மயிரைக் கையில் தேய்த்துவிட்டுக் குட்டியைத் தொடுங்கள். முதலில் தாய்க்கு ஒரு பிடி பச்சைப் புல்லைப் போட்டு அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

பாலையூற்று: தாய் குட்டியிடம் போகவே இல்லையே. நாள் முழுக்கக் கூண்டின் மற்ற மூலையில் இருந்தது. அது ஒதுக்கியதுதானே?

இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்தீர்கள் ஐயா. முயல் அடைகாக்கிற கோழி இல்லை. நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். பெரும்பாலும் இரவில் அல்லது விடியப்புறத்தில், அதுவும் சில நிமிடம்தான். மற்ற நேரம் தள்ளியிருக்கும். கூட்டின் பக்கம் எதிரியை இழுக்காமலிருக்க அதன் இனம் கற்ற வழி அது. பகலில் தாய் தள்ளியிருப்பதைப் பார்த்து 'ஒதுக்கிவிட்டது' என்று குட்டியைத் தூக்கி வந்து, மாட்டுப்பால் ஊட்டிச் சாகடித்த வீடுகள் எத்தனை!

தாயைக் காவல் காக்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். விடிந்ததும் மயிரை விலக்கி ஒரு குட்டியை எடுங்கள். பால் குடித்ததென்றால் வயிறு உருண்டு, தோல் இழுபட்டு இருக்கும். மயிர் முளைக்காத முதல் நாட்களில் உள்ளே வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் கிழவரின் கைபோலச் சுருங்கி, தொட்டவுடன் தலையைத் தூக்கி அலையும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் அப்போது பேசலாம். ஐயா இதற்கும் பதில் எழுதுவார் என்று தெரியும். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

மட்டிக்களி: அப்படியென்றால் காயம்பட்ட குட்டிக்குப் பால் எப்படித்தான் கொடுப்பது?

தாயிடமிருந்தே. தாயை மடியில் வைத்து, ஒரு கையால் தோளை அணைத்துப் பிடித்து, காயம்பட்டதை மற்றதுகளுக்கு முன்னால் தனியாகக் காம்பில் விடுங்கள். சண்டை போடாமல் குடிக்கும். காலையும் மாலையும் செய்தால் போதும். தாய் செத்துவிட்டால், ஏறக்குறைய அதே வயதுக் குட்டிகளோடு இருக்கிற வேறு தாயிடம் சேர்க்கலாம்.

இரண்டும் முடியாவிட்டால்தான் கைப்பால். முயல் பால் மிகக் கெட்டி. கொழுப்பும் புரதமும் ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பத்துக்கு மேல். பசும்பாலில் அவை மூன்று, நான்குதான்; இனிப்போ முயல் பாலைவிடப் பல மடங்கு. அதனால்தான் பசும்பாலில் கழிச்சல் வருகிறது. பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால்மா நல்லது. அது கிடைக்கும்வரை தண்ணீர் கலக்காத ஆட்டுப்பால். முதல் வாரம் ஒரு நேரத்துக்கு 2 முதல் 2.5 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு நேரம். இரண்டாவது வாரம் நேரத்துக்கு 5 முதல் 7. குட்டியை மல்லாத்தாமல், கூட்டில் இருப்பதுபோல வயிறு கீழாக வைத்து, சிரிஞ்ச் முனையில் சொட்டுச் சொட்டாக விட்டு நக்கவையுங்கள். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் குறியையும் தடவி மூத்திரம் போகவையுங்கள். கண் திறக்கிற பத்துப் பன்னிரண்டு நாள் வரையில் இது வேண்டும். குட்டி குளிர்ந்திருந்தால் ஊட்டாதீர்கள்.

அலஸ்தோட்டம்: மகனுக்கு வாங்கிய அமொக்சிசிலின் சிரப் வீட்டில் இருக்கிறது. ஒரு சொட்டு விடலாமா?

விடாதீர்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்க மாட்டேன். அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின் எதையும் முயலுக்கு வாயால் கொடுக்கக்கூடாது. குடலில் இருக்கிற நல்ல கிருமி செத்து, நஞ்சு சுரக்கிற கிருமி பெருகும். புண் ஆற, முயல் போய்விடும். முயலுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. குட்டியின் நிறையைப் பார்த்து வைத்தியர் தருவார். நாய்க்கு முதுகில் விடுகிற பிப்ரோனில் தெள்ளு மருந்தும் முயலுக்கு நஞ்சுதான்.

சீனக்குடா: பசும்பால் கொடுக்கலாமா?

மட்டிக்களிக்கு எழுதியதைப் படியுங்கள்.

தம்பலகாமம்: புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. மாட்டுப் புண்ணுக்குப் போடுகிற தூள் இருக்கிறது. அல்லது மண்ணெண்ணெய்?

இரண்டும் வேண்டாம். அந்தத் தூளில் பூச்சிநாசினி இருக்கும், மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நூறு கிராமுக்கும் குறைந்த உடம்பு அது, தாயும் நக்குவாள். மேலே சொன்ன உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நுனி மழுங்கிய சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். புழு உள்ளே போயிருந்தால் வைத்தியர். புழு இருக்கிறவரை கூட்டுக்குள் வைக்காதீர்கள். நனைந்த வைக்கோலை மாற்றுங்கள். ஈ வருவது மூத்திர நாற்றத்துக்குத்தான்.

சல்லி: எறும்பு கடித்துக் குட்டியெல்லாம் தடித்திருக்கிறது.

குட்டிகளை வேறு பெட்டிக்கு மாற்றி, ஒட்டியிருக்கிற எறும்பை ஈரப் பஞ்சால் எடுங்கள். கூண்டுக் கால்களைத் தண்ணீர் டின்னுக்குள் வையுங்கள். கூண்டு சுவரில் முட்டக்கூடாது.

குச்சவெளி: பற்றைக் காடு வெட்டும்போது நாய் ஒரு முயல் குட்டியைக் கவ்விவிட்டது. மயிர் இருக்கிறது, கண்ணும் திறந்திருக்கிறது. எத்தனை நாள் குட்டி?

நேற்றுப் பிறந்ததாகவும் இருக்கலாம். அது காட்டு முயல், நம் கூண்டு முயல் இல்லை. அது கண் திறந்து மயிரோடுதான் பிறக்கும். கூடு கட்டாது, குட்டியைப் புல்லுக்குள் விட்டுவிட்டுத் தாய் போகும், இருட்டினால் வந்து பால் கொடுக்கும். காயமில்லாத குட்டியென்றால் எடுத்த இடத்திலேயே விட்டு நாயைக் கட்டுங்கள் என்பேன். உங்களுடையது கடிபட்டது. இருட்டான பெட்டியில், சத்தமில்லாத இடத்தில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காட்டு முயல் பயத்தாலேயே செத்துவிடும். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், படமும் எடுக்க வேண்டாம்.

உட்துறைமுக வீதி: எங்கள் பூனைக்குட்டிக்கு உண்ணி…

வைத்தியரிடம் கேளுங்கள். இங்கே முயல் மட்டும்.

கன்னியா: குட்டிகளைத் தொட்டால் தாய் சேர்க்காதாமே, உண்மையா?

பாலையூற்று ஐயாவிடம் கேளுங்கள், அவருக்கு விருப்பமான கேள்வி.

வெருகல்: இந்த வெக்கையிலும் சுடுதண்ணீர்ப் போத்தல் வேண்டுமா மிஸ்?

நல்ல கேள்வி. குளிர்ந்து கிடக்கிற குட்டிக்கு எந்த வெக்கையிலும் வேண்டும். சுகமான குட்டிக்கு வேண்டாம். கூட்டுக்குள் 30 பாகைக்குச் சற்று மேலே இருந்தால் போதும். கச்சான் நாளில் பெட்டிக்குள் அது தானாகவே வந்துவிடும், தாண்டவும் செய்யும். குட்டிகள் குவியலாகக் கிடந்தால் சரி. ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மயிருக்கு மேலே வந்து நீட்டிக் கிடந்தால் அவிகிறது. மேல் மயிரில் பாதியை எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். எறிந்துவிடாதீர்கள், மழையோடு வாடைக்காற்று தொடங்கினால் அதே மயிர் தேவைப்படும்.