கடைசி வரிசையைப் பார்க்கிற கண்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நீங்களும் மகளும் என்னிடம் ஆலோசனைக்கு வந்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகு, சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லையே என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தபோது கோர்ஸ், ஃபீஸ், சம்பளம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் என்னிடம் வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இதுதான்: "ஒன்பதாவதுல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேர்த்தோம் மேடம். வாலிபால்ல ஸ்டேட் வரைக்கும் ஆடினா. கோட்டாவுல காலேஜ் சீட்டும் கிடைச்சுது. ரயில்வேயோ போலீசோ ஏதாவது ஒண்ணு அமைஞ்சிரும்னு நம்பிக்கிட்டு இருந்தோம். இப்ப ஜிம்முல இருபது பேருக்கு கிளாஸ் எடுக்கப் போறேங்கறா. இதுக்கா இத்தனை வருஷம்?"

முதலில் வேலை ஒதுக்கீட்டைப் பற்றி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல் துறை போன்றவை தனியாக ஆள் எடுக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் பேசுவது பதக்கம். ஒரு வாலிபால் அணிக்குப் பன்னிரண்டு பேர்தான். இரண்டு வருஷமாக வலது முட்டி லிகமென்ட் தொல்லையால் உங்கள் மகள் பெரிய போட்டி எதிலும் இறங்கவில்லை. கதவு அடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதவு முன்னால் மட்டும் நின்றுகொண்டிருக்க வேண்டாம் என்கிறேன். அவள் விளையாட்டை உதறிவிட்டு ஓடுவதாக நினைக்காதீர்கள். முட்டி என்ன சொல்கிறது என்று உங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் சரியாகக் கவனித்தீர்களோ என்னவோ, அன்றைக்கு என் அறையில் ஒன்று நடந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம் எங்க மூணு பேருக்கும் எக்ஸர்சைஸ் சொல்லிக் குடும்மா" என்று கேட்டேன். நீங்கள், நான், டீ கொண்டு வந்த எங்கள் ஆபீஸ் அக்கா. உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி. முதல் மூன்று தடவை அவளும் நம்மோடு செய்தாள். அப்புறம் நிறுத்திவிட்டு அக்கா பக்கத்தில் போய் நின்றாள். அக்காவின் இரண்டு முட்டியும் உள்பக்கமாக மடங்கிக்கொண்டிருந்ததை நானே பார்க்கவில்லை. "அக்கா, சேரைப் பிடிச்சுக்கோங்க, பாதி வரைக்கும் இறங்கினா போதும், முட்டி சுண்டுவிரல் பக்கமா போகட்டும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அக்காவைத் தொடவும் இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே பத்து எண்ணி முடித்தார்.

அம்மா, இந்த வேலைக்கு முதல் தகுதி அதுதான். கடைசி வரிசையில் திணறுகிற ஆளைப் பார்க்கிற கண். அது இருக்கிற பிள்ளைக்கு மற்றதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அது இல்லாத பிள்ளை எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும், முன்னால் நின்று தான் மட்டும் நன்றாக ஆடிவிட்டுப் போகும்.

விளையாட்டிலிருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். விளையாட்டில் கோச்சுடைய வேலை தேர்ந்தெடுப்பது. நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். தாமதமாக வந்தால் கிரவுண்டை இரண்டு சுற்று ஓடு, சர்வீஸ் தவறினால் பத்து புஷ்-அப். உடற்பயிற்சியே அங்கே தண்டனை. உங்கள் மகள் நான்கு வருஷம் அதில் வளர்ந்தவள். ஆனால் ஜிம்மில் நடக்கும் குரூப் வகுப்பில் பாதியில் மூச்சு வாங்கி நிற்கிற ஐம்பது வயது அம்மாதான் முக்கியமான ஆள். சர்க்கரையும் முட்டிவலியும் இருக்கிற அந்த அம்மாவுக்காகத்தான் வகுப்பே. அவரிடம் விசில் ஊதி "இன்னும் வேகமா!" என்று கத்தினால் மறுநாள் வர மாட்டார். வந்து ஏதாவது ஆகிவிட்டால் அது இன்னும் மோசம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தபாட்டா என்று இப்போது ஊருக்கு ஊர் வகுப்பு நடக்கிறது. 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, எட்டு சுற்று, மொத்தம் நான்கு நிமிஷம். ஜப்பானின் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணிக்குக் கொடுத்த பயிற்சியிலிருந்து பிறந்தது அது. இஸுமி தபாட்டா அதை ஆராய்ந்து 1996இல் கட்டுரையாக வெளியிட்டார். அதாவது, நன்றாகப் பழகிய உடம்புக்கு, தாங்கும் எல்லை வரை கொடுக்கும் பயிற்சி. அதை அப்படியே தூக்கிவந்து, பத்து வருஷமாக ஓடியே பார்க்காத ஒருவருக்குக் கொடுப்பது சரியில்லை. அதே 20-10 கணக்கை வைத்துக்கொண்டு குதிப்பதற்குப் பதில் நடையும், தரையில் புஷ்-அப்புக்குப் பதில் சுவரில் புஷ்-அப்பும் கொடுக்கத் தெரிந்தவர்தான் குரூப் பயிற்சியாளர். ஒரே பாட்டுக்கு மூன்று நிலையில் மூன்று விதமான ஆட்கள் செய்துகொண்டிருப்பார்கள், யாருக்கும் தான் பின்தங்கியதாகத் தோன்றக் கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆட்டம் மாதிரி தெரிகிற இந்த வேலையில் இவ்வளவு இருக்கிறது.

விளையாட்டு அவளுக்குக் கொடுத்ததும் கொஞ்சமில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது, வார்ம்-அப் இல்லாமல் தொடங்காதது, பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவது, குதித்து இறங்கும்போது முட்டி எப்படி நிற்க வேண்டும் என்பது. அக்காவின் முட்டியை அவள் பார்த்தது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்த வாலிபால் கோர்ட்டிலிருந்துதான். "இதுக்கா இத்தனை வருஷம்" என்று கேட்டீர்களே, அந்த வருஷங்களில் ஒன்றுகூட வீணாகவில்லை.

இனி அவள் கற்க வேண்டியது. எதிரே நின்று வகுப்பு எடுக்கும்போது தன் வலது காலைத் தூக்கிக்கொண்டு "இடது" என்று சொல்ல வேண்டும்; கண்ணாடி மாதிரி. கேட்க எளிது, வாய்க்கு வர ஒரு மாதம் ஆகும். பாட்டை எட்டு எட்டாக எண்ணி, 32 எண்ணிக்கைக்கு ஒரு அசைவுத் தொகுப்பு என்று கட்ட வேண்டும். அடுத்த அசைவை அது வருவதற்கு நான்கு எண்ணிக்கைக்கு முன்பே அறிவிக்க வேண்டும். புதிதாக வருகிறவரிடம் உடல்தகுதிக் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டும்: இதய நோய் உண்டா, உழைக்கும்போது நெஞ்சுவலி வருமா, மயங்கி விழுந்ததுண்டா, பிரஷர் மாத்திரை எடுக்கிறாரா என்கிற மாதிரி ஏழு கேள்வி. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். வகுப்பு நடக்கும்போது பேச்சுச் சோதனை: செய்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான வேகம், இரண்டு வார்த்தைக்கே மூச்சு முட்டினால் கடுமை.

சி.பி.ஆர்., அதாவது மூச்சும் இதயமும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவி, கட்டாயம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வீடியோ பார்த்துக் கற்றால் போதாது, பொம்மை மேல் கை வைத்து, வேர்த்துப் பழகியிருக்க வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். முதலில் பி.பி.ஏ.வை முடிக்கட்டும். கடைசி வருஷத்தில் விடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதன் பிறகு இரண்டு பாதை. பள்ளி வேலையும் கையில் இருக்கட்டும் என்றால் பி.பி.எட். என்கிற உடற்கல்வி ஆசிரியர் பட்டம், இரண்டு வருஷம். வேறு பட்டம் முடித்தவர்களும் விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் சேரலாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கியது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ பற்றிக் கேட்டீர்கள். அது நல்ல படிப்புதான், ஆனால் வாலிபால் கோச் ஆவதற்கு. அவள் போக நினைக்கிற ஊருக்கு அந்த பஸ் போகாது.

இரண்டாவது பாதை, நேராக ஃபிட்னெஸ் சான்றிதழ். ஏ.சி.இ., நாஸ்ம், ஏ.சி.எஸ்.எம். ஆகிய மூன்றும் அமெரிக்க அமைப்புகள், நம் ஊர்ப் பெரிய ஜிம்களும் மதிக்கின்றன. ஏ.சி.இ.யில் குரூப் ஃபிட்னெஸுக்கே தனித் தேர்வு உண்டு. 18 வயது முடிந்து, சி.பி.ஆர். சான்று இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்று பயப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று உடற்கூறியல் படிக்க ஆரம்பித்தால் ஒரு வருஷத்தில் பழகிவிடும். விளையாட்டு, ஃபிட்னெஸ் துறைக்கான தேசிய திறன் கவுன்சிலின் ஃபிட்னெஸ் ட்ரெய்னர் சான்றும் இருக்கிறது. செலவு குறைவாகத் தொடங்க அது உதவும்.

இதில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் ட்ரெய்னர் ஆவதற்குச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணத்தை ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டினான். இரண்டு வார இறுதி வகுப்பு, பளபளவென்று ஒரு சான்றிதழ். ஒரு தடவைகூட அவனை ஆட்கள் முன்னால் நிறுத்தி வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை. முதல் வேலையில் மூன்றாம் நாளே திணறிப்போய் எனக்கு போன் செய்தான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நிஜ ஆட்களை வைத்து வகுப்பு எடுக்க விடுவார்களா, தேர்வு வைப்பது யார், சி.பி.ஆர். நேரில் சொல்லித் தருவார்களா. முழுங்கி முழுங்கிப் பதில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளம். ஜிம்மில் மூன்று விதமாகப் பணம் வரும். ஜிம்முக்கு வருகிற எல்லோரையும் பொதுவாகக் கவனித்துக்கொள்ளும் ஃப்ளோர் ட்ரெய்னருக்கு மாதச் சம்பளம், ஆரம்பத்தில் சிறியதுதான். பி.டி. எடுத்தால் அந்தக் கட்டணத்தில் பங்கு. (பள்ளியில் பி.டி. என்றால் நமக்கு விசிலும் மாஸ்டரும்தான் ஞாபகம் வரும், ஜிம்மில் அது தனி ஆளுக்குத் தரும் பயிற்சி.) குரூப் வகுப்புக்கு, ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. தொகை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஒரு வகுப்பு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் மூன்று வகுப்பு, மாதம் 24 நாள்: 28,800 ரூபாய். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் காய்ச்சல் வந்தால் அன்றைய காசு இல்லை, அடைமழை மாதத்தில் ஆள் குறையும், பெரும்பாலும் பி.எஃப். கிடையாது. மூன்று வகுப்புக்கு மேல் தினமும் எடுத்தால் தொண்டையும் முட்டியும் தாங்காது. பிள்ளைப்பேறு காலத்தில் வருமானம் அப்படியே நின்றுவிடும், இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். மருத்துவக் காப்பீடும், மாதாமாதம் தனியாக ஒரு சேமிப்பும் முதல் சம்பளத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் பயம் என்று எனக்குத் தெரியும். நானும் பெண்ணைப் பெற்றவள். சேருவதற்கு முன் நீங்களே ஒருநாள் காலையில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இன்னும் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, முதலாளி ட்ரெய்னர்களிடம் எந்தத் தொனியில் பேசுகிறார் என்று கவனியுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. அவளுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன்: யாரையும் திருத்துவதற்கு முன் "தொடலாமா" என்று கேள், முடிந்தவரை வாயாலேயே திருத்து. லேடீஸ் பேட்சுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். அது அவளுக்குச் சாதகம்.

சில இடங்களில் மாதத்துக்கு இத்தனை டப்பா புரோட்டீன் பவுடர் விற்க வேண்டும் என்று ட்ரெய்னர்களுக்கு டார்கெட் வைக்கிறார்கள். அந்த வேலை வேண்டாம், சம்பளம் கூட இருந்தாலும் வேண்டாம். சர்க்கரைக்காரருக்கு டயட் எழுதிக் கொடுப்பதும் இவளுடைய வேலை இல்லை. டாக்டரிடம் அனுப்பத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது உடனே செய்ய ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. உங்கள் தெருப் பள்ளி மைதானத்தில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஞாயிறும் புதனும் காலை ஆறு மணிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேருக்கு இவள் வகுப்பு எடுக்கட்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தெருவில் எத்தனை பேர் அதில் பாதியாவது செய்கிறார்கள்? ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும்: என்ன வலி, எதைச் செய்ய முடியவில்லை, போன வாரத்தைவிட எது கூடியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று பார்ப்போம். ஏழு பேர் வந்தால் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம். மூன்று பேர்தான் என்றால் என்ன தவறியது என்று நீங்கள், அவள், நான் மூவரும் உட்கார்ந்து பேசிவிட்டு, இன்னொரு மூன்று மாதம்.

முதல் ஞாயிறு நீங்களும் போங்கள் அம்மா. கடைசி வரிசையில் நில்லுங்கள். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டீர்களே, அந்தப் பதில் அங்கே நின்று பார்த்த பிறகு உங்கள் வாயிலிருந்தே வரட்டும்.

அடுத்த முறை வரும்போது அவளுடைய முட்டி ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவள் குதிக்கிற வகுப்பு எதையும் எடுக்கக் கூடாது. இரண்டு தடவை கேட்டும் இன்னும் தரவில்லை.

அன்புடன்,
உங்கள் மகளின் ஆலோசகர்