பிரிட்டனில் மலைநடைக்கு எந்த வரைபடச் செயலி ஏற்றது?

இக்கேள்விக்குச் செயலியின் பெயரைவிட, அதற்குள் இருக்கும் வரைபடம் எது என்பதே முக்கியமானது. மலைநடைக்கான வரைபடம் என்பது, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைக் கொண்டது. கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மிதமான சரிவு. சாலைக்கான செயலிகள் உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அவற்றை நம்பி மலையேறுவது மாடிப்படியைக் குறிக்காத வீட்டு வரைபடத்துடன் மாடி அறையைத் தேடுவதற்குச் சமம். 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலைக்குக் கூகுள் மேப்ஸ் காட்டிய ஒரு வழி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2021-இல் ஸ்காட்லாந்தின் மலையேற்ற, இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்தன.

எனவே, பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தைத் தரும் செயலியையே, கட்டணம் இருந்தாலும், நான் பரிந்துரைப்பேன். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். மூடுபனியில் கைகொடுக்கும் கற்சுவர்களும் வேலிகளும்கூட அதில் இருக்கும். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தும் இலவசச் செயலிகளும் நல்லவையே, ஆனால் விவரம் இடத்துக்கு இடம் மாறும். எதுவானாலும், வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி, விமானப் பயன்முறையில் திறந்து பாருங்கள். குளிரில் மின்கலம் விரைவில் தீரும் என்பதால் காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.

கைப்பேசிச் சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் இயங்காது என்று பலர் எண்ணுகின்றனர். செயற்கைக்கோள் அலைகளைக் கைப்பேசி நேரடியாகவே பெறுவதால் இருப்பிடப் புள்ளி அப்போதும் தெரியும், பதிவிறக்காத வரைபடம்தான் தெரியாது.