கருப்புக் கோட்டு ஓவியங்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா?

விக்டோரியா காலத்து அரசியல்வாதிகளின் ஓவியங்கள் எல்லாம் ஒரே கருப்புக் கோட்டும் இருட்டுமாகத்தானே இருக்கின்றன, போனில் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனுக்கு ரெண்டு நாள் பயணமாக வருகிறீர்கள் போல. நானும் இங்கே வந்த புதிதில் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் நல்ல மழை. டிராஃபல்கர் சதுக்கத்துப் பக்கம் ஒதுங்க இடமில்லாமல் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குள் நுழைந்தேன், அனுமதி இலவசம் என்பதால் மட்டும். அங்கேதான் மில்லே என்ற ஆங்கில ஓவியர் வரைந்த, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டிஸ்ரேலியின் படத்தைப் பார்த்தேன். படம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், அதில் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். போனில் வெறும் கரியாகத் தெரிகிற கோட்டில், நேரில் மடிப்பும் பொத்தானும் தெரிந்தன. ஆனால் என்னை நிறுத்தியது முகம். தலைமுடி கருகரு என்று இருக்கிறது (மனுஷன் சாயம் பூசுவாராம்), முகமோ ஓய்ந்துபோன கிழவருடையது. 1881 மார்ச்சில் உட்கார்ந்து கொடுத்திருக்கிறார், ஏப்ரல் 19 அன்று ஆள் இல்லை. முந்தின வருஷம்தான் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் கிளாட்ஸ்டனிடம் தோற்றுப் பதவி இழந்திருந்தார். அந்தக் கிளாட்ஸ்டனையும் இதே மில்லே 1879-இல், கிட்டத்தட்ட இதே அளவில் வரைந்திருக்கிறார், அப்போது அவரும் பதவியில் இல்லை. ஜென்ம விரோதிகள் இருவரும் நாற்காலி இல்லாத நேரத்தில் ஒரே ஓவியர் முன்னால் நின்றிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்துப்போனது.

உடனே "வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறாயா" என்று வராதீர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஊரில் லட்சக்கணக்கில் செத்தபோது பிரதமர் இந்த டிஸ்ரேலிதான், விக்டோரியாவுக்கு இந்தியப் பேரரசி பட்டம் வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். தெரிந்துதான் சொல்கிறேன். ஓவியம் படித்தவனும் இல்லை நான்.

எனக்கு உறைத்தது வேறு: அந்த ஓய்ந்த முகத்தை மில்லே மறைக்காமல் அப்படியே வரைந்திருந்தது. தாத்தா இறந்ததும் படத்தைப் பெரிதாக்க எங்கள் ஊர் ஸ்டுடியோவில் கொடுத்தோம். சுருக்கத்தை எல்லாம் வழித்துவிட்டு, முகத்தை வெளுப்பாக்கி, ஆயுசில் கோட்டே போடாத மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டித் தந்தார்கள். கேட்டால், "நல்லா இருக்கட்டுமேன்னுதான் சார் செஞ்சோம்." காசையும் குறைக்கவில்லை. பாட்டி கடைசிவரை அந்தப் படத்துக்குப் பூப் போடவில்லை, ரேஷன் கார்டில் இருந்த சின்னப் படத்துக்குத்தான் போட்டாள்.

சரி, நீங்கள் போங்கள். ஒரு மணி நேரம் போதும்.