புது மீன் தொட்டி வைக்கும்போது குவாரன்டைன் டேங்க் எதுக்கு?

பெருசா ஒண்ணுமில்ல, கடையில வாங்கின மீனை நேரா மெயின் தொட்டியில விடாம மூணு நாலு வாரம் தனியா வச்சுப் பாக்குற சின்ன தொட்டிதான். ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர், ஹீட்டர், ஒளிஞ்சுக்க ஒரு துண்டு பிவிசி பைப் போதும், மணல் கூட வேணாம்.

ஏன் இவ்ளோ நாள்னா, இக்னு சொல்ற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில இருக்குற வரைக்கும் தண்ணியில போடுற மருந்து அதை ஒண்ணும் பண்ணாது, அது தின்னு கொழுத்து கீழ விழுந்து மணல்லயோ செடியிலயோ ஒட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல குட்டி போடும், அதுங்க அடுத்த மீனைத் தேடி நீந்துற கொஞ்ச நேரத்துலதான் மருந்துக்கு மாட்டும். செவுள்ல மட்டும் இருந்தா புள்ளியே தெரியாது, மீன் சும்மா சும்மா கல்லுல உரசிக்கிட்டே இருக்கும்.

தலைப்பேன் மாதிரிதாங்க, பேனை எடுத்தாலும் ஈரு இருக்கும்ல. ஒரே வலையை ரெண்டு தொட்டிக்கும் போடுறது அடுத்தவங்க சீப்பை வாங்கி சீவுற மாதிரி. கடைத் தண்ணியையும் தொட்டியில ஊத்தாதீங்க.

புள்ளி மறைஞ்சதும் சரியாயிடுச்சுன்னு நிறைய பேர் மருந்தை நிறுத்திடுறாங்க, ஆனா அது செத்துப் போகல, கீழ போய் பெருகிட்டு இருக்கு.